நார்மல் என்று சொல்லாதே, நம்பரைச் சொல்

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

சித்தி மகன் இந்தப் பார்சலைக் கொண்டுவந்து தருவான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் பால்கோவா இல்லை, பயப்படாமல் பிரி. கேழ்வரகு மாவு 2 கிலோ, நிழலில் காயவைத்துப் பொடித்த முருங்கைக்கீரை, சுண்டைக்காய் வற்றல், வெல்லப்பாகில் போட்ட நெல்லிக்காய், அப்புறம் எள்ளுருண்டை. எள்ளைப் பார்த்ததும் சித்தி, "பிள்ளைத்தாய்ச்சிக்கு எள்ளையா கொடுத்தனுப்புற?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள். ஐந்து மாதம் முடிந்துவிட்டது, ஒன்றிரண்டு தின்றால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் பிடித்தேன். எள்ளில் பாலைவிடப் பல மடங்கு கால்சியம் என்று அவரே சொன்னார். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் பக்கம் இருக்குமாம், பசும்பாலில் 120தானாம். சரி, நீ ஜெயித்துவிட்டாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் உட்கார்ந்துகொண்டு இதை என் கையாலேயே எழுதுகிறேன், அதற்கும் சேர்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். வீட்டுக்குப் பின்னால் மோட்டார் கொட்டகைக்குக் கூரை ஓடு மாற்றினோம். உன் மாமா வந்திருந்தார். நீ வீகன், பால் நெய்கூடத் தொடமாட்டாய் என்று அவருக்கு இன்னும் புரியவில்லை. ரயில்வேயில் இருந்தவரா, வேகன் என்றால் அவருக்குச் சரக்கு ரயில் பெட்டிதான். "எத்தனை டன் ஏத்துதாம் பாப்பா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்கிறார். போகும்போது மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளைக்குச் சத்து பத்துமா?" என்றார். பத்தும் என்று சொல்லிவிட்டேன். உனக்காக நான் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசும்போது வலது கையை உதறிக்கொண்டே இருந்தாய். என்னடி என்றதற்கு, "ஒன்றுமில்லைம்மா, மரத்துப்போன மாதிரி இருக்கு" என்று சொல்லி போனை இடது கைக்கு மாற்றினாய். அதற்கு முந்தின வாரம் படி இறங்கும்போது கால் ஊசி குத்துவதாகச் சொன்னாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால், "ஆரம்பிச்சுட்டியா" என்பாய். அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை. மறுநாள் டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்துவிட்டேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கை வீங்கி, மணிக்கட்டில் நரம்பு அழுந்தினாலும் அப்படி மரக்குமாம். நிறையப் பேருக்கு வருமாம், பெற்ற பிறகு சரியாகிவிடுமாம். ஆனால் நீ ஆறு வருடமாகப் பால், முட்டை தொடவில்லை என்றதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வைட்டமின் பி12 மாத்திரை போடுறாளா?" என்று கேட்டார். போடுகிறாள் என்றேன். வாய் அப்படிச் சொல்லிவிட்டது. போடுகிறாயா?

பி12 எந்தக் கீரையிலும் எந்தப் பருப்பிலும் கிடையாது பாப்பா. அதை உண்டாக்குவது நுண்ணுயிர்கள்தான். ஆடு மாடு வழியாகத்தான் அது நமக்கு வந்துகொண்டிருந்தது. ஈரலில் சில வருடத்துக்கு இருப்பு இருக்குமாம், அதனால்தான் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாதாம். பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று வாட்ஸ்ஆப்பில் வந்ததை உனக்கு அனுப்பியது நான்தான். அதை நம்பி இருந்துவிடாதே, அழித்துவிடு. நீ சொன்ன சுருள்பாசியும், அந்த ஸ்பைருலினா, உதவாதாம். அதில் இருப்பது பி12 மாதிரித் தெரிகிற வேறு ஒன்று, உடம்பு அதை எடுத்துக்கொள்ளாது என்கிறார்.

இன்னொன்று. நீ "ஹீமோகுளோபின் நார்மல்" என்று சொன்னாய். ஃபோலிக் ஆசிட் எடுத்துக்கொண்டிருந்தால் பி12 குறைந்திருந்தாலும் ரத்தம் நன்றாக இருப்பதுபோலக் காட்டிவிடுமாம். உள்ளே நரம்புதான் பாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். ஹீமோகுளோபினை மட்டும் வைத்துச் சொல்லாதே. பி12 தனியாகப் பார்க்கச் சொல். உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். கை மரக்கிறது என்பதை உன் பிரசவம் பார்க்கிற மிட்வைஃபிடம் சொல்லவாவது செய்தாயா?

மாப்பிள்ளை வாய் தவறி ஒன்று சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதே. மாத்திரையின் உறை ஜெலட்டின், அது மாட்டெலும்பில் செய்தது என்று நீ ஒரு டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயாம். சரி, கொடுத்துவிட்டாய். அதற்குப் பதிலாக வேறு வாங்கினாயா என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உறை இல்லாத மாத்திரை இருக்கிறது, வாயில் சப்பிக்கொள்வதும் இருக்கிறது. பி12-ஐ எந்த மாட்டையும் தொடாமல், நுண்ணுயிரை வளர்த்துத்தான் எடுக்கிறார்களாம். உன் கொள்கைக்கு அதில் ஒரு குறையும் வராது.

நீ அனுப்பிய கட்டுரையை டாக்டரம்மாவிடம் காட்டினேன். 2016-ல் அமெரிக்க உணவியல் சங்கம், நன்றாகத் திட்டமிட்டால் வீகன் சாப்பாடு கர்ப்பிணிக்கும் பொருந்தும் என்று சொன்னது உண்மைதான் என்றார். ஆனால் அந்தத் "திட்டமிட்டால்" என்ற வார்த்தைக்குள்தான் மாத்திரை இருக்கிறது என்றார். 2025-ல் அதே சங்கம் புதிதாக எழுதியபோது பிள்ளைத்தாய்ச்சிகளையும் பால் கொடுக்கிறவர்களையும் சேர்க்காமல், மற்றப் பெரியவர்களுக்கு மட்டும் எழுதியிருக்கிறதாம். அதற்காக நீ செய்வது தப்பு என்று அர்த்தமில்லையாம். தப்பு என்று அவர் சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், உன்னோடு சண்டை போட்டிருப்பேன்.

உப்பு விஷயம். இங்கே கடையில் வாங்குகிற உப்பில் பெரும்பாலும் அயோடின் இருக்கும். உங்கள் ஊர் உப்பில் பெரும்பாலும் இல்லையாம். டாக்டரம்மாவின் மகளும் அங்கேதான் இருக்கிறாள், அவள் சொன்னது. ஓட்ஸ் பாலோ சோயா பாலோ, அட்டையைத் திருப்பிப் படித்து வாங்கு. ஆர்கானிக் என்று போட்டிருந்தால் அதில் கால்சியம், பி12, அயோடின் எதுவும் பெரும்பாலும் சேர்த்திருக்க மாட்டார்கள் என்கிறாள். விலை கூட என்பதால் நல்லது என்று நினைத்து அதையே வாங்குகிறாயோ என்று எனக்குப் பயம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. கீரையில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்.

உன்னைப் பிடிவாதக்காரி என்று ஊரெல்லாம் சொல்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. செவலை மாடு, செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்து வைத்த அந்த வைக்கோல் கன்றை நக்கிக்கொண்டு நின்றதை நாங்கள் எல்லோரும்தான் தினமும் பார்த்தோம். ஏழு வயதில் நீ ஒருத்திதான் போய், பால் கறந்த அப்பத்தாவின் கையைப் பிடித்தாய். அன்றைக்கு உன்னை அடித்தேன். அப்புறம் பாலை ஹார்லிக்ஸ் போட்டு மறைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றினேன். போன மார்கழியில், "ஆண்டாளே நோன்புக்கு நெய்யும் பாலும் வேண்டாம்னு சொன்னவதானே" என்று மடக்கினாயே, எனக்கு வாயடைத்துப்போனது. நாலு நாள் கழித்துத்தான் தோன்றியது: இருபத்தேழாம் நாள் கூடாரவல்லிக்குப் பால்சோறு மூட, முழங்கை வழிய நெய் ஊற்றினாளே! அவள் 26 நாள்தான் தள்ளி வைத்தாள். நீ ஆறு வருடம், மேலே இந்தப் பத்து மாதம். இதைப் போனில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். நீதான் வாரம் ஒரு தடவை, அதுவும் பஸ்ஸுக்கு நிற்கும்போது கூப்பிடுகிறாய். பஸ் வந்ததும் வைத்துவிடுகிறாய்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு உடனே போன் போட்டுக் கேட்காதே. அப்பா பக்கத்தில் இருப்பார்.

"தினம் ஒரு செம்பு பால் குடிச்சு உன்னைப் பெத்தேன்" என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தேனே, அது பொய். தொழுவத்தில் மூன்று மாடு நின்றது வாஸ்தவம். விடிவதற்குள் பால் முழுக்கப் பால்கோவா போடுகிற இடத்துக்குப் போய்விடும். அப்பத்தா அளந்து ஊற்றுவாள், மிச்சம் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும். எனக்கு வரக்காப்பி. அந்த வீட்டில் மருமகள் பால் கேட்டுவிட முடியாது.

அதுகூடப் பரவாயில்லை. மாதாமாதம் நர்ஸம்மா வந்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார், காகிதப் பொட்டலத்தில் 30. சிவப்பு மாத்திரை. போட்டால் குமட்டும், வயிறு கட்டிக்கொள்ளும். அதைப் போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று தெருவில் சொன்னார்கள். நீ கறுத்துவிடக் கூடாது என்று பயந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. தினமும் ஒன்றை எடுத்துப்போய் கிணற்றடிச் செம்பருத்தி மூட்டில் விரலால் குழி பறித்து அமுக்குவேன். மழை பெய்தால் அந்த இடத்தில் மண் சிவப்பாக ஊறும். யாரும் பார்ப்பதற்குள் காலால் மண்ணைத் தள்ளி மூடுவேன். நர்ஸம்மா என் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "போட்ட மாதிரி தெரியலையேம்மா" என்பார். "போட்டேன்க்கா, ஆண்டாள் சத்தியமா" என்பேன்.

எட்டாம் மாதம் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7 இருந்தது. இரண்டு பாட்டில் ஏற்றினார்கள், ஒன்று உன் மாமா கொடுத்தது. நீ பிறந்தபோது 1 கிலோ 900 கிராம். என் உள்ளங்கையிலிருந்து முழங்கைக்குள் அடங்கிப்போனாய். பாப்பா அவசரக்காரி, நாள் ஆவதற்குள் ஓடிவந்துவிட்டாள் என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன். உன் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் உன்னிடமும் அதையே சொல்லிச் சிரித்திருக்கிறேன். நீ அவசரப்படவில்லை. அப்பத்தாவையே குறை சொல்லி முப்பது வருடத்தை ஓட்டிவிட்டேன். பாலைத் தராதது அவள்தான். மாத்திரையைப் புதைத்தது அவள் இல்லை.

அதனால் நீ போனில் "எல்லாம் நார்மல்ம்மா" என்று சொல்லும்போதெல்லாம் என் காதில் "போட்டேன்க்கா" என்றுதான் விழுகிறது. எனக்குப் பால் வேண்டாம், நெய் வேண்டாம், நீ எதைத் தின்ன மாட்டாய் என்றும் இனி கேட்க மாட்டேன். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. நம்பர் தெரிய வேண்டும்.

வளைகாப்புக்கு வருவதாகச் சொன்னாய், தேதி சொல்லவில்லை. பட்டுப்புழுவுக்காகப் பட்டும் கட்ட மாட்டாய் என்று தெரியும், அதனால் மதுரைக்குப் போய் அரக்குச் சிவப்பில் சுங்குடிச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன். தயிர்ச்சாதத்துக்குப் பதில் தேங்காய்ப்பால் சாதம். சித்தி முகத்தைச் சுளித்தாள். சுளிக்கட்டும். எட்டு மாதத்துக்கு மேல் விமானத்தில் ஏற்றுவார்களா என்று அப்பா தினமும் கேட்கிறார், அதையும் விசாரி.

மாத்திரையை ராத்திரி மாப்பிள்ளையின் கண்முன்னே போடு. அவரிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

எள்ளுருண்டை கையில் ஒட்டாமலிருக்க எப்போதும் நெய் தொட்டுத்தான் உருட்டுவேன், உனக்குத் தெரியும். இந்தத் தடவை நல்லெண்ணெய். அதனால் வட்டம் சரியாக வரவில்லை, ரெண்டு மூன்று உதிர்ந்திருக்கும். உதிர்ந்ததை ஸ்பூனால் எடுத்துத் தின்றுவிடு, கொட்டிவிடாதே.

அம்மா