எதிரே உட்கார்ந்திருந்தவன்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

அன்புள்ள கண்ணுவுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். சித்தப்பா வீட்டுச் சேதி, பட்டறைச் சேதி எல்லாவற்றையும் வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வந்திருந்தபோது திண்ணையில் நீ சொன்ன அந்தப் போக்கர் சீட்டாட்டம் இத்தனை நாளாக மனத்தை விட்டு அகலவில்லை. தொலைபேசியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நீ பேசுவதில்லை என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

கோவாவில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பலில் உனக்கு இரண்டு ஏஸ் வந்தது என்றாய். பெரிய தொகையாகக் கட்டியும் நான்கு பேர் விலகாமல் கூடவே வந்தார்கள் என்றும், ஒன்றுக்கும் உதவாத ஏழும் இரண்டும் வைத்திருந்த ஒருவன், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் ஐந்து சீட்டுகளில் கடைசி ஒன்றில் இரண்டு ஜோடி சேர்த்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டான் என்றும் சொன்னாய். ‘அறிவுள்ளவன் எதிரே இருந்தால் ஜெயித்திருப்பேன் அப்பா, மடையனோடு எப்படித்தான் ஆடுவது?’ என்று கேட்டாய். எவ்வளவு போனது என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீ பெங்களூருக்குப் பேருந்து ஏறிய மறுநாள் பரணிலிருந்து ஒரு பழைய சீட்டுக்கட்டை எடுத்தேன். இரண்டு ஏஸை உன் பங்காகத் தனியே வைத்துவிட்டு, மீதி ஐம்பதைக் கலைத்து, நான்கு பேருக்கு இரண்டிரண்டாகப் போட்டு, நடுவில் ஐந்தை விரித்து, யார் ஜெயித்தது என்று காலண்டர் தாளின் பின்புறத்தில் குறித்தேன். மூன்று மாலைகளில் நூறு முறை போட்டேன். உன் ஏஸ் 57 முறை ஜெயித்தது, 43 முறை தோற்றது. தோல்விக்குப் பெருக்கல் குறி போட்டேன்; ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து விழுந்திருக்கின்றன. தாளை இன்னும் எடுத்து வைத்திருக்கிறேன். நீ படித்திருக்கும் கணக்கும் ஏறக்குறைய அதுவே. எதிரே ஒருவன் மட்டும் எதையாவது வைத்துக்கொண்டு வந்தால் இரண்டு ஏஸ் நூற்றுக்கு 85 முறை ஜெயிக்கும். நான்கு பேர் கடைசிவரை வந்தால் அது 56 ஆகக் குறைந்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு பணம் போட்டு, பாதிக்கு மேல் ஜெயிக்கும் ஆட்டம் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த லாபம் நூறு முறை ஆடுகிறவருக்கு உரியது. தொடர்ந்து ஐந்து பெருக்கல் குறி விழுந்த பிறகும் ஆறாவது ஆட்டத்துக்குக் கையில் பணம் மிஞ்சுமா, அந்தப் பணம் எதற்காக வைத்திருந்த பணம், என்பதை நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

மடையனோடு ஆடும் விதத்தை நீயே அறிவாய். சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகத் தெரியாதவனிடம் பொய்யாகப் பணம் கட்டி மிரட்டுவது வீண். அவன் மிரளவே மாட்டான். நல்ல சீட்டு வரும்வரை காத்திருந்து, வந்தபோது மட்டும் கூசாமல் கட்ட வேண்டும், அதற்கு விலை கொடுக்க அவன் தயாராக இருக்கிறான். அவனை ஏளனமாகப் பார்க்கவோ, அவன் ஆடியது தவறு என்று விளக்கவோ கூடாது. கோபம் வந்த கணமே எழுந்து வந்துவிட வேண்டும். இதில் இன்னொன்றும் உண்டு. நான்கு ஆர்ட்டின் வைத்துக்கொண்டு ஐந்தாவதற்காகக் காத்திருந்தவனையும் அன்று மடையன் என்றாய். ஐந்தும் ஒரே இனமானால் அது ஜோடிகளை வெல்லும். கண்ணில் படாத 47 சீட்டுகளில் அவனுக்கு 9 உதவும். அடுத்த ஒரே சீட்டில் வர வேண்டுமென்றால் ஐந்தில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு. ஆனால் இன்னும் இரண்டு சீட்டுகள் வரவிருந்தன என்று நீயே சொன்னாய். அப்படியானால் மூன்றில் ஒன்றுக்கும் சற்று அதிகம். நடுவில் அத்தனை பணம் குவிந்திருந்தபோது அவன் கூட வந்தது சரியான கணக்கு. அதை உன்னால் பார்க்க முடியாமல் போனதே, அதுதான் எனக்குக் கவலை. பத்து வயதில் பட்டறைப் பலகையில் உட்கார்ந்து, கூலிக்கு வந்த வெள்ளியின் எடை, கொலுசாகத் திரும்பிய எடை, பொடியில் போன சேதாரம் மூன்றையும் ஒரு மில்லிகிராம் பிசகாமல் எழுதி வைத்த பெண் நீ. அந்த நோட்டை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். உன் கண்ணில் ஒரு கணக்கு தவறுகிறது என்றால் எதிரே இருப்பவன் காரணமாக இருக்க முடியாது.

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் தடை செய்தபோது, உன் கைப்பேசியிலிருந்து அது ஒழிந்தது என்று மாரியம்மனுக்கு விளக்குப் போட்டேன். நீயோ சனி ஞாயிறுகளில் கோவாவுக்குப் பேருந்து ஏறுகிறாய். வீட்டுக்கு வர மட்டும் விடுப்பு கிடைப்பதில்லை. சம்பாதிக்கிற பெண், உன்னைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று அம்மா சொல்கிறாள். இருந்தாலும் மறுபடியும் சொல்கிறேன்: கோபம் வந்தால் எழுந்து வந்துவிடு. ஜெயித்தாலும் வெளிச்சம் வருவதற்கு முன் எழுந்து வந்துவிடு.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன தெரியும் என்று நீ நினைப்பாய். 2009இல் உன்னைச் சென்னைக் கல்லூரியில் சேர்க்காமல் இங்கேயே சேர்த்தேன். முந்தைய ஆண்டு வெள்ளி விலை சரிந்து கை முடங்கிவிட்டது என்று சொன்னேன். விலை சரிந்தது உண்மை. உன் படிப்புப் பணம் போனது அதனால் அன்று.

ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களாவில் சனிக்கிழமைதோறும் மூன்று சீட்டு நடந்தது. சரக்கு வசூலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போவேன். அந்த ஆட்டத்தில் சீட்டைப் பார்த்து ஆடுபவன் இரண்டு பங்கு கட்ட வேண்டும், பார்க்காமல் பிளைண்டில் ஆடுபவன் ஒரு பங்கு கட்டினால் போதும். மலிவு என்று நான் பிளைண்டில் ஆடவில்லை. பார்த்தால் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும். தெரிந்தால் கவிழ்த்துவிட்டு எழ வேண்டும். எழுந்தால் வீட்டுக்கு வர வேண்டும். வீட்டில் நீ கல்லூரிப் படிவத்தோடு உட்கார்ந்திருப்பாய். அதனால் மூன்று சீட்டையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு கட்டிக்கொண்டே இருந்தேன். நீ திண்ணையில் திட்டினாயே, ஏழும் இரண்டும் வைத்துக்கொண்டு விலகாதவன், அவனை எனக்குத் தெரியும் கண்ணு. பதினேழு ஆண்டுகளுக்கு முன் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

எதிரே ஒரு காப்பி வியாபாரி இருந்தார். உன்னைப் போலவே நிதானமாகக் கணக்குப் போட்டு ஆடுபவர். ஒருநாள் இரவு நான் பிளைண்டில் கட்டிக்கொண்டே போய், கடைசியில் திருப்பியபோது மூன்று ஆறுகள் இருந்தன. அவர் கையில் மூன்று ஐந்து. அவர் என்னைப் பார்த்த பார்வையை இந்த ஆடிப் பண்டிகையில் உன் முகத்தில் பார்த்தேன். அதற்குப் பிறகு அவரும் சீட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். விடிவதற்குள் வந்த காரை விட்டுவிட்டு நடந்து போனார். அதற்கு அடுத்த மூன்று சனிக்கிழமைகளில் அன்று ஜெயித்ததும், உன் படிப்புப் பணமும், நகைக் கடைக்காரர் ஒருவர் கொலுசு செய்யக் கொடுத்திருந்த வெள்ளியும் என்னிடமிருந்து போயின. வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க அம்மா தன் நான்கு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று ஆண்டுக் கூலியில் அவற்றை மீட்டேன். நீ வேலையில் சேர்ந்த அன்று அம்மா உன் கையில் போட்டது அதே வளையல்கள்தான். இத்தனை ஆண்டுகளாக வெள்ளி விலையைக் காட்டி உன்னிடம் பொய் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு.

பண்டிகையன்று உன் கையில் கடிகாரம் மட்டும் இருந்தது. அம்மா பார்த்தாள், பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். மாப்பிள்ளையிடம் நாங்கள் எதுவும் பேசவில்லை, பேசவும் மாட்டோம்.

அடகுச் சீட்டு ஏதாவது உன்னிடம் இருந்தால் அதன் கெடுத் தேதியை மட்டும் எழுதி அனுப்பு, விவரம் வேண்டாம். கம்பி இழுக்கும் மெஷினை ஒருவர் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். பட்டறையில் இப்போது அதற்கு வேலை இல்லை. வரும் சனிக்கிழமை ஊருக்கு வா. இரவு எந்நேரமானாலும் புதிய பேருந்து நிலையத்தில் நான் நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா