செயலாளரின் ஆண்டறிக்கை 2024: மதில் சூழ்ந்த நகரங்களுக்கான பயணங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், சங்கத்தின் அங்கத்தவர்களுக்கும், இளையோருக்கும் பணிவான வணக்கம்.

நமது சங்கத்தின் வரலாற்றுப் பயணக் குழு 2024ஆம் ஆண்டில் ஆற்றிய பணிகள் குறித்த இவ்வறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார் என்பதால், நான் பயணங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

ஒரே நாளில் பல இடங்களை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் பேருந்துச் சுற்றுலாக்களைக் கைவிடுவது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். அதற்குப் பதிலாக, பழைய மதில் இன்றும் நிற்கும் ஐரோப்பிய நகரங்களைத் தேர்ந்து, மதிலுக்கு உள்ளேயே இரவு தங்கி, முடிந்தவரை மதிலைச் சுற்றி நடந்து வருவது என்ற முறையை இவ்வாண்டு பின்பற்றினோம். ஒவ்வோர் ஊரிலும் நமது பிள்ளைகள் விடை தேட வேண்டிய கேள்வி ஒன்றையும் செயற்குழு முன்கூட்டியே கொடுத்திருந்தது: மற்ற ஊர்களெல்லாம் தங்கள் மதிலை இடித்தபோது, இந்த ஊர் மதில் மட்டும் எப்படித் தப்பியது?

இக்கேள்வி வெறும் பாடப் பயிற்சி அன்று. வியன்னாவின் மதிலை அகற்றிவிட்டு அவ்விடத்தில் அகன்ற வீதி அமைக்கும்படி பேரரசர் பிரான்ஸ் யோசப் 1857ஆம் ஆண்டு ஆணையிட்டார். நம்மில் பலருக்கு நன்கு தெரிந்த கொலோன் நகரமும் 1881இல் தன் மதிலை இடிக்கத் தொடங்கியது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை சில வாயில்களும் சிறு துண்டுகளுமே. தொடருந்தும் தொழிற்சாலையும் வந்த அந்த நூற்றாண்டில், மதிலை இடிப்பதே முன்னேற்றம் என்று கருதப்பட்டது. ஆகவே, இன்று முழுமையாக நிற்கும் ஒவ்வொரு மதிலுக்கும் பின்னால் ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும்.

முதற் பயணம் பவேரியாவிலுள்ள நோர்ட்லிங்கனுக்கு அமைந்தது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான ரீஸ் என்னும் பெரும் பள்ளத்தினுள் இவ்வூர் இருக்கிறது. 2.7 கிலோமீற்றர் நீளமுள்ள அதன் மதிலின்மேல், கூரை வேய்ந்த நடைபாதையில் ஊரை முழுவதுமாக ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். புனித யோர்ஜ் தேவாலயத்தின் 90 மீற்றர் உயரக் கோபுரத்தை ஊரார் டானியல் என்று அழைக்கின்றனர். அக்கோபுரம் கட்டப்பட்ட சாம்பல் நிறக் கல்லை நமது இளையோர் தொட்டுப் பார்த்தார்கள். விண்கல் மோதிய வெப்பத்தில் உருகி உறைந்த கண்ணாடித் துண்டுகள் அதன் முகத்தில் கரும் புள்ளிகளாகத் தெரிகின்றன, கண்ணுக்குத் தெரியாத நுண் வைரங்களும் அக்கல்லுக்குள் உண்டு. நிலவுக்குச் செல்லவிருந்த அப்பல்லோ 14 விண்வெளி வீரர்கள் 1970இல் பாறைகளை இனங்காணும் பயிற்சி பெற இவ்வூருக்குத்தான் வந்தார்கள் என்பதை அறிந்தபோது, அதுவரை கைப்பேசியைப் பார்த்துக் கொண்டிருந்த பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இரவு பத்து மணி முதல் நள்ளிரவு வரை, அரை மணிக்கொரு தடவை, கோபுரக் காவலர் மேலிருந்து “ஸோ க்ஸெல் ஸோ” என்று குரல் கொடுக்கும் வழக்கம் இங்கே இன்றும் தொடர்கிறது. பகைவரிடம் கைக்கூலி வாங்கிய காவலர்கள் ஒருநாள் இரவு வாயிலைத் தாழிடாமல் விட்டதாகவும், பன்றியொன்று அக்கதவில் உடம்பைத் தேய்த்ததைக் கண்ட பெண்ணொருத்தி ஊரை எழுப்பியதாகவும் இவ்வழக்கத்துக்கு ஒரு கதை வழங்குகிறது. உள்ளே தங்கியதால்தான் அக்குரலை நாம் கேட்டோம். மாலை ஐந்து மணிக்குப் பேருந்தில் ஏறியிருந்தால் கேட்டிருக்க மாட்டோம். இரவு தங்குவதால் செலவு கூடுகிறது என்று ஆட்சேபித்த அங்கத்தவர்கள் இதனைக் கருத்திற்கொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

நோர்ட்லிங்கனின் மதில் தப்பியதற்கு முதற் காரணம் வறுமை. முப்பதாண்டுப் போரில், 1634ஆம் ஆண்டு இவ்வூருக்கு வெளியே பெரும் சமர் நடந்தது. அதன்பின் வணிகம் தளர்ந்த ஊருக்குப் புதிதாகக் கட்டவும் வசதியில்லை, இருப்பதை இடிக்கவும் தேவையில்லை. பின்னர் 19ஆம் நூற்றாண்டில், பழைய மதில்களைக் காப்பதில் அக்கறை கொண்ட பவேரிய மன்னர் முதலாம் லுட்விக்கின் ஆட்சி வந்தது. வறுமை விட்டுவைத்ததை மக்களும் அரசும் விரும்பிக் காத்திருக்கிறார்கள் என்பதே பிள்ளைகள் எழுதிக் கொண்டுவந்த விடை. அது சரியான விடை என்றே கருதுகிறேன்.

அருகிலுள்ள ரோத்தன்பூர்க்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உங்களில் பெரும்பாலோர் அதை முன்பே பார்த்திருக்கிறீர்கள். ஆனால் மதிலின்மேல் நடந்தவர்கள் குறைவு. 1945 மார்ச் 31ஆம் திகதி நடந்த குண்டுவீச்சில் பழைய நகரின் கிழக்குப் பகுதி பெரிதும் அழிந்தது, மதிலிலும் நீண்ட பகுதிகள் சரிந்தன. அவற்றைத் திரும்பக் கட்ட, ஒரு மீற்றர் மதிலுக்கு இவ்வளவு என்று தொகை வகுத்து உலகெங்கும் நன்கொடை கேட்டார்கள். கொடுத்தவர்களின் பெயர் பொறித்த கற்கள் நடைபாதையின் ஓரமாக வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஜப்பானிய நிறுவனங்களும், அமெரிக்கக் குடும்பங்களும், சிறிய ஜேர்மன் ஊர்களும் பக்கம் பக்கமாக அங்கே இருக்கின்றன. சில கற்களில் கொடுத்தவர் பெயரும் மதிலின் நீளமும் தவிர வேறொன்றும் இல்லை. போரில் ஊரையும் வீட்டையும் இழந்து வந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்கள் அக்கற்களின் முன்னே நெடுநேரம் நின்றதற்கு விளக்கம் தேவையில்லை.

இவ்வாண்டின் சிறந்த பயணம் எது என்று கேட்டால், இத்தாலியின் லூக்கா என்று தயக்கமின்றிச் சொல்வேன். 4.2 கிலோமீற்றர் சுற்றளவுள்ள அதன் மதில் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பட்டு 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறைவுற்றது. பீரங்கி வந்தபின் உயரமான மெல்லிய மதில் பயனற்றுப் போனதால், உள்ளே மண் நிரப்பிய, தாழ்ந்த, மிக அகலமான மதிலைக் கட்டினார்கள். மூலைகளில் கூர்முனைக் கொத்தளங்களை வெளியே நீட்டினார்கள். ஒரு கொத்தளத்திலிருந்து சுடும் குண்டு அடுத்த கொத்தளத்தின் அடிவாரத்தைக் காக்கும், பகைவன் பதுங்க மறைவிடமே இராது. இத்தாலியில் உருவான இந்த முறையைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கடல் கடந்து கொண்டு சென்றனர். ஐந்து கொத்தளங்களுடன் ஐங்கோணமாக ஒல்லாந்தர் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டை இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பண்ணைக் கடலோரத்தில் அக்கோட்டையைப் பார்த்து வளர்ந்த மூத்தவர்கள், லூக்காவின் கொத்தளமொன்றில் நின்று, அகழி எங்கே இருந்திருக்கும், பீரங்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். அன்றைய விளக்கவுரைக்கென ஒழுங்கு செய்திருந்த வழிகாட்டி அதன்பின் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

பெருஞ்செலவில் கட்டிய அந்த மதிலை எந்தப் படையும் வந்து தாக்கவில்லை. ஆனால் 1812இல் செர்க்கியோ ஆறு பெருக்கெடுத்தபோது, வாயில்களை அடைத்து ஊரைக் காத்தது அதே மதில்தான். அப்போது ஊரை ஆண்டவரும் நெப்போலியனின் சகோதரியுமான எலிசா, வாயில் திறக்க முடியாததால் பாரந்தூக்கியால் மதிலுக்கு மேலாக உள்ளே இறக்கப்பட்டார் என்று அவ்வூரார் சொல்கின்றனர். பின்பு மதிலின்மேல் மரங்களை நட்டு உலாவும் சாலையாக்கினார்கள். இன்று முதியவர்கள் கைத்தடியுடனும், இளம் தாய்மார் தள்ளுவண்டியுடனும், மாணவர்கள் சைக்கிளிலும் அதன்மேல் போய் வருகிறார்கள். தினமும் பயன்படும் மதிலை எவரும் இடிக்கச் சொல்வதில்லை. மற்ற ஊர்களில் படியேற முடியாமல் கீழே காத்திருந்த நமது முதியோர்கள், சாய்வுப் பாதை வழியாக ஏறி இங்கே மட்டும் முழுச் சுற்றையும் முடித்தார்கள். மூட்டு வலியுள்ளவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் ஊர் இதுவே.

பிரான்சின் கார்க்கசோன் பயணம் கலவையான அனுபவமாக அமைந்தது. இரட்டை மதில், 52 கோபுரங்கள், உட்புற மதிலின் அடியில் உரோமர் காலத்துச் செங்கல் வரிகள் என்று பார்க்க வேண்டியவை ஏராளம். 1659ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஸ்பெயின் எல்லை தெற்கே தள்ளிப்போனபின் கோட்டை தேவையற்றதாகிச் சிதைந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இடிக்கும் நிலைக்கு வந்தபோது, குரோ மேரவியேய் என்ற உள்ளூர் அறிஞர் முன்னின்று போராடினார். 1853இல் கட்டடக் கலைஞர் வியோலே லெ டியூக் சீரமைப்பைத் தொடங்கினார். அவர் வைத்த கூர்மையான கற்பலகைக் கூரைகள் வடபிரான்சுக்கு உரியவை, தெற்கே பொருந்தாதவை என்ற குறை அன்றிலிருந்து சொல்லப்படுகிறது. அது நியாயமான குறைதான், எனினும் அவர் இல்லாவிட்டால் கூரையைப் பற்றி வாதாட மதிலே இருந்திராது. கோடை விடுமுறைக் கூட்டத்தில் உள் வீதிகளில் நடக்க முடியவில்லை. இனி இவ்வூருக்கு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் செல்வதில்லை என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது.

குரோவேசியாவின் டுப்ரோவ்னிக்கிற்குச் செல்ல வேண்டும் என்ற கோரிக்கையை இளையோர் அணி முன்வைத்தது. 1,940 மீற்றர் நீளமுள்ள அந்த மதில் 1667ஆம் ஆண்டு நிலநடுக்கத்தையும் 1991ஆம் ஆண்டுப் போரின் குண்டுவீச்சையும் தாங்கி நிற்பது. மேலிருந்து பார்க்கும்போது பழைய ஓடுகளின் மங்கிய நிறத்துக்கும் போருக்குப்பின் வேய்ந்த ஓடுகளின் கடும் சிவப்புக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரியும். அம்மதிலைப் பராமரிப்பது 1952இல் உள்ளூர் மக்கள் தொடங்கிய ஒரு சங்கம் என்பதை நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். நுழைவுக் கட்டண வருமானத்தைக் கொண்டே அவர்கள் மதிலைச் செப்பனிட்டு வருகிறார்கள். கட்டணம் அதிகம் என்ற முறைப்பாடு நம்மிடையே எழுந்தது. அந்தப் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தபின் மனமுவந்து கொடுக்கலாம் என்பது என் கருத்து. உல்லாசக் கப்பல்களின் நெரிசல் குறையும் நவம்பர் மாதத்தில் இப்பயணத்தை வைக்குமாறு பரிந்துரைக்கிறேன்.

பயணங்களுக்கு முன் நடந்த விளக்க மாலைகளைத் தமிழிலேயே நடத்தியதும், பிள்ளைகள் தத்தம் குறிப்புகளைத் தமிழில் எழுதிச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் பெற்றோர்களின் ஒத்துழைப்பால் நிறைவேறின. உணவு ஒழுங்குகளைப் பொறுப்பேற்ற மகளிர் அணிக்கும், முதியோரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்ற இளையோருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன்.

இறுதியாக, பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்காக ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். ரோத்தன்பூர்க் மதிலுக்கான மீற்றர் நன்கொடைத் திட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. நமது சங்கத்தின் பெயரில் ஒரு மீற்றருக்கான தொகையை, சங்க நிதியைத் தொடாமல், விரும்புவோர் தரும் பங்களிப்பைக் கொண்டு செலுத்தவும், கல்லில் சங்கத்தின் பெயரைத் தமிழ் எழுத்திலும் பொறிக்க இடமுண்டா என நகரசபையிடம் எழுத்து மூலம் கேட்கவும் செயற்குழுவுக்கு அதிகாரம் வழங்குமாறு கோருகிறேன். பங்களிப்பு அட்டை பொருளாளரின் மேசையில் வைக்கப்பட்டுள்ளது.

இங்ஙனம்,
செயலாளர்