செஃப் கிளஸ்டரில் இடம் குறைகிறது: உடனே கவனிக்கவும்

அனைவருக்கும் வணக்கம். பல சர்வர்களின் டிஸ்க்குகளை இணைத்துத் தரவைச் சேமிக்கும் நம் செஃப் கிளஸ்டரில் சில டிஸ்க்குகள் 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வந்திருக்கிறது. மொத்தக் கணக்கில் இன்னும் இடம் இருக்கிறதே என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். செஃப் சராசரியைப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு டிஸ்க் 95 சதவீதத்தைத் தொட்டாலும் அதைப் பயன்படுத்தும் பூல்களில் (தரவைப் பிரித்துவைக்கும் தொகுப்புகளில்) எழுதுவது நின்றுவிடும். அதற்கு முன்பே, 90 சதவீதத்தில், அந்த டிஸ்க்குக்குத் தரவை நகர்த்துவதும் நிற்கும்.

எனக்குப் பெரிய கவலை இதுதான்: நம்மிடம் இருப்பவை நான்கு சர்வர்கள். நான்கும் 70 சதவீதம் நிரம்பியிருக்கையில் ஒன்று விழுந்தால், மீதி மூன்றும் அதன் பங்கைச் சுமந்து 93 சதவீதத்தை எட்டவேண்டிவரும். பிரதிகளை மீட்கும் வேலை நடுவிலேயே முடங்கும். ஆகவே 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கியே தீரவேண்டும்.

முதலில் பழைய ஸ்னாப்ஷாட்களை (ஒரு நேரத்தில் தரவு இருந்த நிலையின் பதிவுகளை) நீக்குங்கள். அவை இருக்கும்வரை கோப்புகளை அழித்தும் இடம் கிடைக்காது. மெய்நிகர்க் கணினிக்குள் அழித்தவற்றின் இடமும் தானாகக் கிளஸ்டருக்குத் திரும்பிவிடாது, காலியான இடத்தை விடுவிக்கும் எஃப்எஸ்டிரிம் கட்டளையை உள்ளே ஓட்ட வேண்டும். மூன்று பிரதிகள் வைப்பதால், 1 டெராபைட் நீக்கினால் 3 டெராபைட் விடுபடும். நீக்கம் பின்னணியில் நடப்பதால் எண்கள் மாறச் சற்று நேரமாகும்.

95 என்ற வரம்பை உயர்த்தும்படி தயவுசெய்து கேட்காதீர்கள். டிஸ்க் முழுவதும் நிரம்பிவிட்டால் அதை மீண்டும் எழுப்புவதே பெரும்பாடு.

வைத்திருக்கவேண்டிய ஸ்னாப்ஷாட்களின் பெயர்களை வெள்ளி மாலைக்குள் இங்கே பதியுங்கள். மற்றவற்றைச் சனிக்கிழமை நீக்கிவிட்டு, தரவை டிஸ்க்குகளில் சமமாகப் பரப்பும் பேலன்ஸரை இயக்குகிறேன்.