அப்பாவுக்கு, அந்த வலது தோளைப் பற்றி

அப்பா,

பக்கவாதம் வந்து இந்த வைகாசியோடு ஒரு வருஷம். எந்தப் பக்கம் அடைப்பு, என்ன மாத்திரை என்பதெல்லாம் உங்களுக்கே மனப்பாடம், அதை விடுகிறேன். பிசியோ தம்பியை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களாம். கோபம் அவர் மேல் இல்லை, என் மேல்தான் என்று தெரியும்.

அன்றைக்குக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு "விடு" என்றீர்கள். பக்கவாதம் வந்த பக்கம் தோளைப் பிடித்துவைக்கிற தசைகள் தளர்ந்திருக்கும். கையின் கனமே எலும்பின் தலையைக் குழியிலிருந்து கீழே இறக்கும். தோள் முனைக்குக் கீழே ஒரு விரல் நுழைகிற பள்ளம் தெரிகிறதே, அதுதான். அந்தக் கையை இழுத்தாலும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாலும் மூட்டு நோகும். இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடித்திருக்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மன்னிச்சிடுங்க. ஆனால் அன்றைக்கு விட்டிருந்தால் இடுப்பெலும்பு போயிருக்கும், அதையும் நினைத்துப் பாருங்கள்.

அதற்கு முந்தைய ராத்திரி பேசிக்கொண்டதை இங்கே எழுதப்போவதில்லை. சித்தப்பா வீட்டில் எல்லாரும் படிப்பார்கள்.

தோள் வலிக்கிறது, சரி. கால் என்ன பாவம் செய்தது? கை வைத்த நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். சீட்டின் முன்விளிம்புக்கு நகர்ந்து, இரண்டு பாதமும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். வலது பாதம் முன்னால் நழுவினால் பாரமெல்லாம் இடது காலுக்குப் போய்விடும், நீங்கள் செய்கிற தப்பு அதுதான். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து, எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழுந்தால் கணக்கில் இல்லை. ஐந்து தடவை, காலை, மதியம், சாயங்காலம். மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும். அம்மா வலது பக்கம் நிற்கட்டும், தூக்க வேண்டாம். அவள் இடுப்பும் இடுப்புதான். ராத்திரி நீங்கள் கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் அவள்தானே தூக்குகிறாள், அதை யாராவது கேட்டோமா?

ஆறு மாசத்துக்கு மேல் எதுவும் தேறாது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டீர்கள். முதல் சில மாதங்களில் வேகம் அதிகம், உண்மை. பிறகும் பழகப் பழக வரும். நிறுத்தினால் மட்டும் இருக்கிறது இருக்கிறபடி நிற்காது. கெண்டைச்சதை சுருங்கும், குதிகால் தரையில் படாது, அப்புறம் நிற்கவே முடியாது.

அத்தை வாங்கிவந்த ரப்பர் பந்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் (அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள், வாதத்துக்குப் புறா ரத்தம் தடவுவதற்குப் பந்து எவ்வளவோ மேல்). இறுகி மடங்கிய கைக்கு விரிக்கிற வேலைதான் வேண்டும். மணிக்கட்டை முதலில் உள்பக்கம் மடக்கினால் விரல்கள் தானே தளரும். கட்டைவிரலை அடியோடு பிடித்து விலக்கி, மற்ற விரல்களை நீட்டி, அதற்குப் பிறகே மணிக்கட்டை மெல்ல நிமிர்த்தி அரை நிமிஷம். வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகும்.

தோளைத் தொடாமல் கைக்கு ஒரு வழி, கண்ணாடி. கை துண்டான பிறகும் அது இருப்பதுபோல் தோன்றும் வலிக்கு நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், நம்ம தமிழ்நாட்டில் பிறந்தவர், கொண்டுவந்தது. 1999இல் அவரும் சகாக்களும் பக்கவாதக் கைக்கும் பார்த்து எழுதினார்கள். கடையில் இருக்கும் ஆளுயரக் கண்ணாடி வேண்டாம், இரண்டடி போதும். மேஜை நடுவில் நிறுத்தி, வலது கை அதற்குப் பின்னால் மறைவாக. இடது கையை விரித்து மூடி, பிம்பத்தையே பார்க்க வேண்டும், பதினைந்து நிமிஷம். எல்லாருக்கும் பலன் தரும் என்று சொல்ல மாட்டேன். வலிக்காது.

ஒரு ஜாக்கெட்டை மூன்று தடவை பிரித்துத் தைப்பீர்கள், முகம் சுளிக்காமல். அந்தப் பொறுமை எங்களுக்கென்று வந்தால் மட்டும் எங்கே போகிறது?

திங்கட்கிழமை ஏழு மணிக்குப் பிசியோ தம்பி வருவார். தோளைத் தொட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். உங்கள் தையல் மெஷினில் பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். வலது பாதத்தைப் பெடலில் வைத்து, குதிகால், விரல், குதிகால், விரல் என்று அழுத்திப் பார்க்கலாம் என்கிறார். பெல்ட் டிராயரில், பாபின் டப்பாவுக்குக் கீழே இருக்கிறது.