அப்பாவின் டிஜிலாக்கர் ஆதாரை ஏற்க மறுத்தது குறித்து

அனுப்புநர்: உங்கள் பயணி, சென்னை
பெறுநர்: குறைதீர்ப்பு அதிகாரி, விமான நிறுவனத் தலைமை அலுவலகம்

பொருள்: தில்லி – சென்னை விமானத்தில் ஏற்றாமல் திருப்பி அனுப்பியது, கட்டணத்தைத் திரும்பக் கோருதல்.

ஐயா,

கடந்த மாதம் 14ஆம் தேதி பிற்பகல் 2.10 மணி விமானத்தில் எனக்கும் 71 வயதான என் அப்பாவுக்கும் டிக்கெட் எடுத்திருந்தேன். அன்று காலை தில்லி மெட்ரோ நெரிசலில் அப்பாவின் பர்ஸ் திருடுபோனது. ஆதார், வாக்காளர் அட்டை இரண்டும் அதில்தான் இருந்தன. காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு 12.15க்கே உங்கள் கவுன்டருக்கு வந்துவிட்டோம்.

அப்பாவின் கைப்பேசியில், ஆவணங்களை மின்வடிவில் வைத்துக்கொள்ள அரசு நடத்தும் டிஜிலாக்கர் செயலி இருக்கிறது. முனைய வாசலில் நின்ற மத்திய தொழில் பாதுகாப்புப் படை வீரர் அதிலிருந்த ஆதாரைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார், உள்ளே அனுப்பினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பாதுகாப்புக்குப் பொறுப்பானவரே ஏற்றுக்கொண்ட ஆவணத்தை உங்கள் ஊழியர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அசல் அட்டை வேண்டும்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மேற்பார்வையாளரை அழைத்தேன். அவர் "இது எங்கள் நிறுவன விதி" என்றார். அந்த விதியை எழுத்தில் காட்டுங்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. 1.10க்குக் கவுன்டரை மூடிவிட்டார்கள்.

டிஜிலாக்கரில் அரசுத் துறைகள் வழங்கும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017 பிப்ரவரியில் தகவல் தொழில்நுட்பச் சட்ட விதிகளைத் திருத்தியே சொல்லிவிட்டார்கள். கைப்பேசி ஆதாரைக் காட்டி விமான நிலையத்துக்குள் நுழையலாம் என்பதும் அதே ஆண்டில் வந்த அறிவிப்புதான். எந்த அட்டையும் இல்லாதவர்கூட, புகைப்படத்துடன் கெஜட்டட் அதிகாரி தரும் சான்றிதழைக் காட்டிப் பயணம் செய்ய வழி வைத்திருக்கிறார்கள். பொருளைத் தொலைத்தவர் ஊர் திரும்பவே முடியாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தானே இவையெல்லாம்?

அப்பா நாற்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். அவருக்கு இந்தி தெரியாது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, "நான் நான்தான் அம்மா" என்று கவுன்டரில் இருந்த உங்கள் பெண் ஊழியரிடம் தமிழில் சொன்னார். அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அன்று மாலையே வேறொரு நிறுவனத்தின் விமானத்தில், அதே கைப்பேசியில் அதே ஆதாரைக் காட்டி இருவரும் சென்னை வந்து சேர்ந்தோம். கடைசி நேர டிக்கெட்டுகளுக்கு 19,460 ரூபாய் ஆனது. நீங்களோ, நாங்கள் விமான நிலையத்துக்கே வராதவர்கள் என்று பதிவு செய்து முழுக் கட்டணத்தையும் எடுத்துக்கொண்டீர்கள். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் முன்பே வந்து கவுன்டரில் நின்றவர்களை எப்படி வராதவர்கள் என்று எழுத முடிகிறது? உண்மையிலேயே பயணி வராமல் போனாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அந்தத் தொகைகூட இதுவரை வரவில்லை.

இரண்டு டிக்கெட்டுகளின் முழுக் கட்டணத்தையும், மாலை டிக்கெட்டுகளுக்காக நான் கூடுதலாகச் செலவிட்ட தொகையையும் திருப்பித் தாருங்கள். டிஜிலாக்கர் ஆவணத்தை மறுக்கக் கூடாது என்று உங்கள் கவுன்டர்கள் எல்லாவற்றுக்கும் எழுத்தில் உத்தரவிட்டு, அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். என் அப்பாவுக்கு அவர் பெயரிட்டு, தமிழில், ஒரு மன்னிப்புக் கடிதம் வர வேண்டும்.

முப்பது நாள்களுக்குள் பதில் வராவிட்டால், விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசின் ஏர்சேவா தளத்திலும் நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன். டிக்கெட்டுகள், காவல் நிலையப் புகார், மாலைப் பயணத்தின் போர்டிங் பாஸ் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அவருடைய மகள்