பெயர் பிறகு வரட்டும்

அன்புள்ள ராகவா,

கைவலி குறைந்து மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டாய் என்பதே பெரிய நிம்மதி. கதையின் இரண்டாம் வரைவைப் படித்தேன். ஆஸ்பத்திரிக் காட்சியில் "அறையில் சோகம் கவிந்திருந்தது" என்ற வரியை எடுத்துவிடு. சோகம் என்று நீயே சொல்லிவிட்டால் வாசகருக்கு அங்கே வேலை இல்லை.

இங்கே உனக்கு உதவக்கூடியது இம்ப்ரெஷனிசம், ஓவியத்திலிருந்து எழுத்துக்கு வந்த ஒரு பாணி. அது மங்கலாக எழுதுவது என்று பலரும் நினைக்கிறார்கள். 1874-இல் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் மங்கலான 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' ஓவியத்தைப் பார்த்துக் கேலியாக வைத்த பெயர், அதனால் இருக்கலாம். எழுத்தில் அது ஒரு வரிசை: புலனுக்குப் பட்டது முதலில், இன்னதென்ற தெளிவு பிறகு. ஆங்கில எழுத்தாளர் கான்ராடின் 'இருளின் இதயம்' நாவலில், ஆற்றில் நீராவிப் படகு செலுத்தும் மார்லோவைச் சுற்றிச் சின்னச் சின்னக் குச்சிகள் பறக்கின்றன. அவன் கவனமெல்லாம் ஆற்றின் ஆழத்தில். அவை அம்புகள் என்பது சற்றுக் கழித்துத்தான் உறைக்கிறது. 'அம்புகள் பாய்ந்தன' என்று தொடங்கியிருந்தால் நமக்குச் செய்தி கிடைத்திருக்கும், அந்தத் திடுக்கிடல் கிடைத்திருக்காது. விமர்சகர் இயன் வாட் 1979-இல் இந்தத் தாமதத்தைத்தான் விரிவாக விளக்கினார்.

மகன் பார்வையில் போகும் உன் காட்சி அப்பாவின் மரணச் செய்தியோடு தொடங்குகிறது. இப்படி மாற்றிப் பார்:

"நர்ஸ் டிரிப்ஸ் குழாயைச் சுருட்டினாள். ஸ்டாண்டைச் சுவரோரம் தள்ளினாள். மின்விசிறிக் காற்றில் போர்வையின் நுனி மட்டும் அசைந்தது."

மூன்று விவரம் போதும். ஐந்தாறு ஆனால் விடுகதையாகிவிடும், வாசகர் உணர்வதை விட்டு விடை தேடுவார். இன்னொன்று, இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: அந்தக் கணத்தில் மகனுக்கே தெரியாததை மட்டும் தள்ளிப்போடு. அவனுக்குத் தெரிந்ததை நீ ஒளித்தால் அது ஏமாற்று, வாசகர் மன்னிக்கமாட்டார். அந்தப் போர்வை நுனியில் ஒருவர் பயப்படலாம், இன்னொருவர் அப்பாடா என்று மூச்சு விடலாம். இரண்டுக்கும் இடம் கொடு.

தமிழில் இது இயல்பாகவே வரும். 'சுவரில் ஏறி, கூரையில் மடங்கி இறங்கிய நிழல்' என்னும்போது அசைவு முன்னே போகிறது, பெயர் கடைசியில் வருகிறது. ஆனால் 'ஏறி', 'மடங்கி' போன்ற வினையெச்சங்களை நான்கைந்தாக அடுக்கினால் பெயர் வருவதற்குள் முதல் அசைவு மறந்துவிடும். இரண்டோடு நிறுத்து. புலனுக்குப் பட்டதை நேராகச் சொல்: 'சக்கரம் கிறீச்சிடும் சத்தம் அவனுக்குக் கேட்டது' வேண்டாம். 'சக்கரம் கிறீச்சிட்டது', அவ்வளவுதான்.

மகன் நிற்பது கதவருகிலா, கட்டிலருகிலா? அதை முதலில் முடிவு செய். கதவருகில் என்றால் நர்ஸின் முதுகு மறைக்கும். நீ எழுதியிருக்கும் அப்பாவின் முகம் அவனுக்குத் தெரியாது.

அன்புடன்,
மோகன்