கச்சான் இனவிருத்தி ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

"நோய் எதிர்ப்புள்ளது" என்று ஒரு கச்சான் (நிலக்கடலை) இனத்தை யாழ்ப்பாணத்து வலிகாமத் தோட்டக்காரர் கையில் கொடுக்குமுன், தண்டழுகல் உள்ள இந்த மண்ணிலேயே அதை வைத்துப் பாருங்கள்.

இந்நோயைத் தரும் ஸ்கிளரோட்டியம் ரொல்ப்சி என்ற பங்கசு வெங்காயம், மிளகாய், தக்காளி எல்லாவற்றிலும் வாழும். அதன் கடுகளவு பழுப்பு உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும். ஆகவே கச்சானுக்குப் பின் மிளகாய் வைத்தால் அது பயிர்ச்சுழற்சி ஆகாது. ஆழ உழுது உருண்டைகளைப் புதைக்கலாமென்றால், கொஞ்சம் தோண்டினாலே சுண்ணக்கல் முட்டும் காணிகள் இங்கே ஏராளம். அதனால்தான் இனத்தையே நம்பவேண்டியிருக்கிறது.

ஆனால் வயலில் இந்நோய் திட்டுத்திட்டாகவே வரும். ஒரு வரிசை தப்பியது எதிர்ப்பினாலா, அந்த இடத்தில் பங்கசு இல்லாததாலா என்று சொல்ல முடியாது. எனவே நோயை நாமே சமமாக இடவேண்டும். பங்கசை வளர்க்க இறுங்குத் தானியத்தை ஓரிரவு ஊறவைத்து, நீரை வடித்து, ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) 121 பாகை செல்சியசில் அவித்து, மறுநாளும் ஒருமுறை அவியுங்கள். ஒரேதரம் அவித்தால் தப்பிய வேறு கிருமிகளின் வித்திகள் முளைத்துத் தானியம் கெட்டுவிடும். பங்கசை இட்டு 27 பாகையளவில் இரண்டு கிழமை வளர்த்த பின், விதைத்து 50 முதல் 60 நாளில், கொடிகள் வரிசையை மூடும்போது, அந்தத் தானியத்தில் செடிக்கு இரண்டு மூன்று கிராம் அடித்தண்டருகே போடுங்கள். அடுத்த சில நாள் மாலையில் இறைப்பு வேண்டும். மேல்மண் காய்ந்தால் பங்கசு பிடிக்காது. நோய்க்கு எளிதில் ஆட்படும் இனமொன்றைச் சில வரிசைகளுக்கு ஒன்றாக இடையிடையே நடுங்கள். அது சாகாத பாத்தியின் கணக்கை எடுக்கவே வேண்டாம்.

இலைப்புள்ளி நோய்க்குத் தெபுகொனசோல் என்ற பங்கசுக்கொல்லியைத் தெளித்தால் தண்டழுகலும் அடங்கி, எல்லா இனமும் நல்லதாகத் தெரியும். குளோரோதலோனில் என்ற பங்கசுக்கொல்லி அப்படிச் செய்யாது. முதல் மூன்று கிழமைக்குள் கரும்பொடியோடு கழுத்தழுகிச் சாகும் நாற்றுகள் வேறு பங்கசின் வேலை. அவற்றைத் தனியே எழுதுங்கள். பங்கசின் வெண்ணூல் படர்ந்த இடங்களை, வரிசையில் ஓரடி நீளத்துக்கு ஒன்றாக எண்ணுங்கள். மேலே பச்சையாக நிற்கும் செடியின் காய் கீழே அழுகியிருக்கலாம் என்பதால், கிண்டும் நாளிலும் ஒருமுறை எண்ணவேண்டும். நிமிர்ந்து வளரும் இனங்களிடம் கவனம்: காற்றோட்டத்தால் தப்புவதை எதிர்ப்பென்று எழுதிவிடுவோம்.

பற்றீரியா வாடலுக்கு இந்தோனேசியாவில் 1920-களிலேயே சுவார்ட்ஸ் 21 என்ற எதிர்ப்பினம் வந்தது. தண்டழுகலில் அவ்வளவு வலுவான எதிர்ப்பு கிடையாது. பல மரபணுக்கள் சேர்ந்து தரும் பகுதி எதிர்ப்புத்தான். ஆகவே கலப்பின் இரண்டாம் தலைமுறையில் தனிச்செடியைப் பார்த்துத் தெரிவுசெய்வது வீண். ஒரு செடிக்கு ஒரு விதையாக நான்காம், ஐந்தாம் தலைமுறைவரை கொண்டுபோய், ஒரு செடியின் வழிவந்தவற்றை ஒரு குடும்பமாக வைத்து, மூன்று பிரதிகளிலாவது சோதியுங்கள். வெளியிலிருந்து வரும் எதிர்ப்புப் பெற்றோர் நம் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்தின்றி மஞ்சளிக்கிறதா என்பதைக் கலப்புக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

வெளியிடும்போது "எதிர்ப்புள்ளது" என்ற ஒற்றைச் சொல் போதாது. ஒப்பீட்டினத்தில் நூற்றுக்கு எத்தனை செடி செத்தது, இதில் எத்தனை, எந்த மண்ணில் என்பதை விதைப் பையிலேயே அச்சிட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துப் பயிர்நோய் ஆர்வலர்கள்